பழைய படகு புகட்டிய பாடம்

கடலோரப் பங்குகளில் பணியாற்றும் குருக்களுக்கு அடிக்கடி வரும் அழைப்பு ஒன்று உண்டு. “சாமி, படகு வாங்கியிருக்கோம், வந்து மந்திரிச்சுத் தரணும்” என்பதே அது. அவ்வழைப்பை நாம் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் ஒருமுறை, படகை வாங்குவதற்கு முன்னரே நம்மை அழைத்தார்கள். அன்று நாம் நடந்துகொண்ட விதத்தை நினைக்குந்தோறும் இன்றும் நம் உள்ளம் கூசுகிறது.

முத்துக்குளித்துறைப் பங்கொன்றில் நாம் இருந்த காலம் அது. பிறர் படகில் கூலிக்குக் கடல் சென்ற ஐந்து குடும்பத்தார் ஒன்றுகூடி, தமக்கென ஒரு விசைப்படகு வாங்க விரும்பினர். புதுப்படகு கட்டும் வசதி அவர்களுக்கு ஏது? வேற்றூரில் பழைய மரப்படகு ஒன்று விலைக்கு வந்தது. நீளம் 36 அடி, வயது 14, விலை 6 இலட்சம் ரூபாய். பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தனர். எஞ்சிய தொகையைக் கடனாகப் பெற நம் சொல்லையும் துணைக்கு வேண்டினர். “சாமி ஒரு எட்டு வந்து பார்த்துட்டா எங்களுக்குத் தைரியமா இருக்கும்” என்றனர்.

சென்றோம்; பார்த்தோம். நீலமும் வெள்ளையுமாகப் புதுவண்ணம் பூசப்பெற்று, அணியத்தில் மாதாவின் திருப்பெயர் பொறிக்கப்பெற்று, நீரில் அன்னம்போல் மிதந்தது படகு. எஞ்சினை முடுக்கியதும் முதல் முயற்சியிலேயே சீராக ஓடிற்று. நாம் மகிழ்ந்து, “நல்ல படகுதான்” என்றோம். அந்த ஒரு சொல்லை நம்பி ஐந்து குடும்பங்கள் பணத்தை எண்ணிக் கொடுத்தன. படகைப்பற்றி நாம் அறிந்தது யாது? ஒன்றுமில்லை. அறியாத ஒன்றுக்குச் சான்று பகர்ந்தோம்; அதுவே நம் குற்றம்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் படகு கடல் புகுந்தது. மூன்றாம் வாரத்தில், வாடைக்காற்று வலுத்த ஓரிரவில், பின்புறப் பலகையின் இணைப்பு விட்டுக் கடல்நீர் உள்ளே புகுந்தது. ஐவரும் விடியும்வரை நீரை இறைத்தபடியே கரை வந்து சேர்ந்தனர். செய்தி கேட்டுக் கடற்கரைக்கு ஓடினோம். அங்கே ஐந்து பெண்கள் வாய் திறவாமல் நின்றிருந்தனர். அவர்கள் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

படகைக் கரையேற்றி, முதிய ஓடாவியார் ஒருவரை வருவித்தோம். அவர் சிறு சுத்தியலொன்றை எடுத்து, அணியத்திலிருந்து பின்புறம்வரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தார். நல்ல மரம் கணீரென்று பேசிற்று. பின்புறத்தை நெருங்கியதும் ஓசை மழுங்கிற்று. அங்கே கத்திமுனையை வைத்து அழுத்தினார். பழுத்த பனம்பழத்தில் இறங்குவதுபோல் அது இறங்கிற்று. வண்ணத்தைச் சுரண்டினால் உள்ளே மக்கு. மக்கைச் சுரண்டினால் உளுத்துப்போன மரம்.

“கடல் தண்ணி இவ்வளவு கெடுதி பண்ணுமா?” என்று கேட்டோம்.

“கடல் தண்ணி இல்ல சாமி. இது மழைத் தண்ணி செய்த வேலை” என்றார் அவர்.

பின்னர் விளக்கினார். உப்புநீர் ஊறிய மரத்தில் பூஞ்சணம் எளிதில் பற்றாது. மேல்தளத்து இடுக்குவழி சொட்டுச்சொட்டாக இறங்கி, காற்றுப் புகாத மூலையில் தங்கும் மழைநீரே மரத்தை மக்கச் செய்கிறது. மரம் மக்கினால் ஆணிகள் பிடிப்பை இழக்கின்றன. பிறகு ஓர் அலை போதும். பெரும்புயலுக்குத் தப்பிய படகு சிறுசொட்டுக்குத் தப்பவில்லை! மனிதர் வாழ்வும் இங்ஙனமே அன்றோ? பெருஞ்சோதனையில் உறுதியாய் நின்ற குடும்பங்கள், யாரும் கவனியாத சிறு மனத்தாங்கல் மூலையில் தங்கித் தங்கி உள்ளுக்குள் உளுத்துப்போவதை நாம் கண்டிருக்கிறோம்.

எஞ்சின் விவரத்தையும் அவரே தெளிவாக்கினார். பழைய எஞ்சினை வாங்குபவன் அது குளிர்ந்திருக்கையில் முடுக்கச் செய்து பார்க்க வேண்டும். நாம் போகுமுன்னரே அது சூடேற்றப்பட்டிருந்தது. அதனால்தான் முதல் முயற்சியிலேயே ஓடிற்று. புகை நீலமாயின் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கறுத்திருந்தால் டீசல் முழுதும் எரியவில்லை. எண்ணெய் பால்நிறமாகத் திரிந்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைக் காணாமல் முன்பணம் கொடுத்தல் ஆகாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலமே அதற்கு ஏற்ற காலம். 2001-இல் 45 நாள்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாள்களாக நீடிக்கிறது.

எட்டு வங்குகளும் பதினொரு பலகைகளும் மாற்றப்பட்டன. புதிய அயினிப் பலகைகளை இழைத்துப் பொருத்தி, இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பத்து அடைத்தனர். செலவு 2,40,000 ரூபாய். அதில் ஒரு பகுதியை நாமும் கொடுத்தோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கடன்பட்டவர் கடனைக் கொடுத்தார், அவ்வளவே.

அதன்பின் அந்தப் படகு ஆறாண்டுகள் உழைத்தது. ஐவரும் ஒரு விதி வகுத்துக்கொண்டனர். ஒவ்வொரு நாள் வருவாயிலும் பத்தில் ஒரு பங்கு படகுக்கே உரியது. வீட்டில் எத்தகைய முடை வந்தாலும் அதைத் தொடலாகாது. மழை பெய்த மறுநாள் மூலை முடுக்கெல்லாம் துடைத்துக் காற்றாட விட்டனர். அடகிலிருந்த நகைகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.

ஆண்டவர் அமர்ந்து போதித்த இராயப்பரின் படகும் புத்தம் புதிதாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணுவதற்கில்லை. 1986-இல் வறட்சியால் கலிலேயாக் கடலின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, கினோசார் அருகே சேற்றில் புதைந்திருந்த பழங்காலப் படகொன்றை உடன்பிறந்த மீனவர் இருவர் கண்டெடுத்தனர். சுமார் 8 மீட்டர் நீளமுள்ள அது ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது என ஆய்வாளர் கணித்துள்ளனர். பலவகை மரத்துண்டுகளாலும், வேறு படகிலிருந்து கழற்றிய பலகைகளாலும் மீண்டும் மீண்டும் ஒட்டுப்போடப்பட்ட ஏழைப் படகு அது. ஒட்டுப்போடுதல் இழிவன்று, ஒட்டை மறைத்தலே இழிவு.

இதன் உண்மையை நாங்கள் விற்கும் நாளில் உணர்ந்தோம். ஆறாம் ஆண்டின் முடிவில் படகை விற்க முடிவாயிற்று. பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் 5 இலட்சம் தர இசைந்தார். எஞ்சின் மேடைக்கடியில் இரண்டு வங்குகள் மக்கத் தொடங்கியிருந்தன; அது அவர் கண்ணில் படவில்லை. “நம்மகிட்ட யாரு சொன்னாங்க சாமி? நாம மட்டும் எதுக்குச் சொல்லணும்?” என்றார் ஐவரில் ஒருவர்.

குருமடத்தில் கற்றது நம் நினைவுக்கு வந்தது. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இதே கேள்வியை எழுப்புகிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். விலையைத் தக்கபடி குறைத்திருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லக் கடமையில்லை. மறைந்து கிடந்து, வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையையோ சொல்லியே ஆக வேண்டும். இதை எடுத்துரைக்க நாம் வாய் திறக்குமுன், ஐவரில் மூத்தவரின் மனைவி முந்திக்கொண்டார்.

“அன்னைக்குக் கடற்கரையில நான் நின்ன மாதிரி இன்னொருத்தி நிக்க வேணாம்” என்றார்.

அதற்குமேல் யாரும் பேசவில்லை. மூத்தவர் தாமே மேடைப் பலகையைப் பெயர்த்து, இளைஞரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். விலை 60,000 ரூபாய் குறைந்தது. ஐவருக்கும் அது சிறு தொகையன்று. ஒருவர் வீட்டில் திருமணமே சில மாதங்கள் தள்ளிப்போயிற்று. இளைஞர் அந்த வங்குகளை மாற்றிக்கொண்டு கடல் சென்றார்.

அன்பர்களே, நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசுமாறு இறைவன் பணித்தார் என விவிலியம் கூறுகிறது. புறத்துக்கு மட்டும் பூசுவது நமக்கு எளிதாய் இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகும்போதெல்லாம் அந்த ஓடாவியாரின் சுத்தியல் ஓசை நம் செவியில் விழுகிறது. எங்கே ஓசை மழுங்குகிறதோ, அங்கே பலகையைப் பெயர்த்துக் காட்டுவோம். இப்போதெல்லாம் யாரேனும் படகை மந்திரிக்க அழைத்தால், தீர்த்தம் தெளிக்குமுன் நாம் கேட்பது ஒன்றே: “ஓடாவி வந்து பார்த்தாரா?”