மலையடிவாரச் சங்கும் மன்னார்க் கடலும்

திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். கிழக்கே புதுவைக் கடற்கரையை எட்டவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆயினும் அம்மலையடிவாரக் கோயிலைச் சுற்றியுள்ள கடைவீதியில் பித்தளை விளக்குகளுக்கிடையே வெண்சங்குகள் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் சிவாலயங்களில் 108 சங்குகளில் நீர் நிரப்பி வழிபடுவது இந்துச் சகோதரர்களின் வழக்கம். எந்த ஊர்ச் சரக்கு என்று வினவினால், "ராமேஸ்வரம்" என்பார் கடைக்காரர். அச்சங்கைக் கடலடியிலிருந்து எடுத்தவர் கீழக்கரையையோ பெரியபட்டினத்தையோ வேதாளையையோ சேர்ந்த ஒரு முஸ்லிம் குளியாளராக இருக்கக்கூடும் என்பதை வாங்குவோர் அறியார்.

அம்மலையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கிறது கீழக்கரை. வள்ளல் சீதக்காதியின் ஊர் என்று நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. முத்தும் சங்கும் அவ்வூர் மரைக்காயர்களின் பழம்பெரும் வணிகம். ஏர்வாடிக்கு ஜியாரத் செல்வோர் இவ்வழியே போகிறார்கள். ஆனால் கடலுக்குள் இருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாய் 21 தீவுகள். அவற்றுள் இரண்டு இப்போது நீரில் மூழ்கிவிட்டன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் தீவுகளில் இறங்க இயலாது.

குளிர்நாட்டுக் கடல்களில் மூழ்குவோர் நீர் புகாத தடித்த உடையணிந்து, முதுகில் காற்றுக் கலனைச் சுமந்து இறங்குகின்றனர். வெதுவெதுப்பான நம் கடலில் குளியாளருக்கு ஒரு கண்ணாடியும், பாதத்தில் கட்டிய அலுமினியத் தகடுகளுமே போதும். ஒரே மூச்சில் இறங்கி, தேடி, எடுத்து, அதே மூச்சில் மேலே வர வேண்டும். கடைவீதியில் பளபளக்கும் சங்கு, அங்கே தடித்த பழுப்புத் தோல் போர்த்து மணலில் பாதி புதைந்து கிடக்கும் ஒரு நத்தை. அது ஊர்ந்த தடத்தைக் கண்டே குளியாளர் அதைப் பிடிக்கிறார். அதன் முட்டைக்கூடு ஆட்டுக்கடாவின் கொம்பு போல் முறுக்கியிருக்கும்.

வலம்புரிச் சங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் கடலில் அது அரிதிலும் அரிது. அமெரிக்கக் கரையோரத்தில் இயல்பாகவே அப்படிச் சுழியும் வேறோர் இனம் உண்டு. அதனை வலம்புரி என்று விற்போரும் உண்டு.

குருசடைத் தீவின் மணலில் பலனோகிளாசஸ் என்னும் மென்மையான புழு வாழ்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளுக்குத் தூரத்து உறவென்று அறிவியலார் கருதும் பிராணி அது. விலங்கியல் மாணவர் பாடநூலில் படிப்பதைக் குளியாளர் கையால் தொட்டுச் செல்கிறார். கடல் குதிரையோ இன்னும் வியப்பு: குஞ்சுகளைப் பையில் சுமந்து ஈன்றெடுப்பது ஆண்! கடல் அட்டையைச் சீண்டினால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பும். பின்னர் புதிய குடல் வளர்ந்துவிடும். வல்ல அல்லாஹ்வின் படைப்பாற்றல்தான் என்னே!

இந்தக் கடல் அட்டைதான் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. அவித்து உலர்த்திச் சிங்கப்பூருக்கும் சீனருக்கும் அனுப்பினார்கள். 2001-இல் கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அன்று முதல் அதை எடுப்பவர் குற்றவாளி. எதிர்க்கரையான இலங்கையிலோ உரிமம் பெற்று எடுக்கிறார்கள். பண்ணை அமைத்தும் வளர்க்கிறார்கள். அளவின்றி எடுத்தால் இனம் அழியும் என்பது உண்மையே. ஆனால் மாற்றுத் தொழிலுக்கு வழி காட்டாமல் தடையை மட்டும் விதித்தது நியாயமாகப் படவில்லை.

சங்கை நாடி ஆழத்திற்குச் செல்வோர் படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மூழ்குகின்றனர். 10 மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம் இரு மடங்காகிறது. சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலேறினால் அது குமிழிகளாகிக் கைகால்களை முடக்கும், உயிரையும் பறிக்கும். பெற்றோர்களே, பிள்ளைகளை இத்தொழிலுக்கு அனுப்புமுன் இதை அறிந்திருப்பது கடமை.

ஆவுளியாவைப் பற்றிக் கேட்டபோது, முதிய குளியாளர் ஒருவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ராத்திரியிலே அது மேலே வந்து மூச்சு விடுற சத்தம், மனுசன் பெருமூச்சு விடுற மாதிரியே இருக்கும்" என்றார். கடற்பசு என்றும் இதனைச் சொல்வர். மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். கடற்புல்லே முக்கிய உணவு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டி. கடல்வாழ் பிராணிகளில் எவை ஆகும் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபீ மத்ஹபில் மீன் மட்டுமே. ஷாபிஈயில் வரம்பு விரிந்தது. ஒருகாலத்தில் இக்கரையில் ஆவுளியா இறைச்சி விற்பனையாயிற்று. இன்று சட்டப்படி அது பெருங்குற்றம். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிருடன் விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்குகிறது. வலையை அறுத்துத்தான் விடுவிக்க வேண்டும். அறுந்த வலையின் விலை என்னவென்று மீனவர் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.