ஓட்டினுள் ஓர் உயிர்

கடற்கரையிலிருந்து திரும்பும் பிள்ளைகளின் சட்டைப் பைகளைச் சற்றே சோதித்துப் பாருங்கள். சிப்பி, சோகி, ஊரி என்று ஒரு சிறு கடையே அவற்றினுள் இருக்கும். அவற்றின் நிறத்தையும் வடிவையும் நாமும் சேர்ந்து வியக்கின்றோம். ஆயினும், அவை ஒவ்வொன்றும் ஓர் உயிரின் உடலோடு வளர்ந்தவை என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

சென்ற விடுமுறையிற் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள எத்தாளையில் உறவினர் இல்லமொன்றிற் சில நாள் தங்கியிருந்தேன். அங்கே ஐந்து முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகள் நால்வர். ஒரு காலை, புத்தளம் களப்பின் ஓரத்தில் நீர் வற்றியிருந்த வேளை, ஒருவன் உயிருள்ள ஊரி ஒன்றைக் கண்டெடுத்தான். அது உடனே உள்ளிழுத்துத் தன் மூடியை அடைத்துக்கொண்டது. ஈர்க்கினாற் குத்தி அதனை வெளியே எடுக்க முனைந்தான் அவன். நான் தடுத்து, ஒரு கிண்ணத்தில் களப்பு நீரை மொண்டு, ஊரியை அதனுள் இட்டு, "எவரும் பேசாது பார்த்திருங்கள்" என்றேன். சில நிமிடங்கள் சென்றன. மூடி மெல்ல விலகியது. தசைப் பாதமும் இரண்டு உணர்கொம்புகளும் வெளிவந்தன. "மாமா, இதுக்குக் கதவும் இருக்கு!" என்று கூவினாள் இளையவள். ஈர்க்குத் தானாகவே கீழே விழுந்தது.

அதன்பின் கேள்விகள் பிறந்தன. வீட்டைக் கட்டியது யார்? ஊரியேதான். அதன் உடலைப் போர்த்துள்ள மெல்லிய தோற்படலம் சுண்ணச் சத்தைச் சுரந்து, ஓட்டின் வாயோரத்தில் வளையம் வளையமாகச் சேர்க்கின்றது. ஆதலால், சுருளின் கூரிய நுனியே அது குஞ்சாயிருந்த காலத்து வீடு. சிப்பியைச் சுட்டு நீற்றியே பாட்டியின் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்தனர் என்றதும் பிள்ளைகள் வியந்தனர்.

ஆமையோ வேறு வகை. அதன் முதுகெலும்பும் விலாவெலும்புகளும் ஓட்டோடு ஒன்றியிருப்பதால், சித்திரக் கதைகளிற் காண்பது போல அது ஓட்டைக் கழற்றிவைத்துவிட்டு ஓட முடியாது. வள்ளுவர் அடக்கத்துக்கு ஆமையை உவமை கூறினார். ஆனால், நம் கரைகளுக்கு முட்டையிட வரும் ஐவகைக் கடலாமைகளுக்கும் தலையை முற்றாக உள்ளிழுக்கும் ஆற்றல் இல்லை.

மூன்றாவது, துறவி நண்டு. பெயர்தான் துறவி, வீட்டாசை அதற்கு மிகுதி! அதன் பின்னுடல் மென்மையானது. தானாக ஓடு கட்ட அறியாது. இறந்த ஊரிகளின் வெற்றோட்டினுட் புகுந்து வாழும். உடல் வளருந்தோறும் பெரிய வீடு தேடும். சில வேளைகளிற் பல நண்டுகள் அளவின்படி வரிசையாக நின்று, முன்னது விட்ட ஓட்டிற் பின்னது குடிபுகும். 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, நிலத்தில் வாழும் 16 துறவி நண்டு இனங்களில் 10 இனங்கள் போத்தல் மூடி போன்ற குப்பைகளைச் சுமந்து திரிவதைப் படங்களின் வாயிலாகக் கண்டறிந்தது. நாம் வெற்றோடுகளைப் பை நிறைய அள்ளி வந்து, மூடிகளைக் கரையில் எறிந்துவிட்டால், அவ்வுயிர் வேறென் செய்யும்?

பூசையறையில் நாம் போற்றும் சங்கும் ஒரு காலத்தில் ஓர் உயிரின் இல்லமாயிருந்ததே. அதனைக் காதில் வைத்தாற் கேட்பது கடலோசையன்று. சுற்றுப்புற ஒலிகளே உள்ளறையில் எதிரொலித்து அவ்வாறு முழங்குகின்றன. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை: கூம்பு வடிவச் சங்குகள் நச்சுமுள் உடையன, அவற்றுட் சில மனித உயிரையும் போக்கவல்லன. அவற்றைப் பிள்ளைகள் தொடலாகாது.

ஏனையவற்றுக்கு மூன்று விதிகள் போதும். எடுக்குமுன் உள்ளே ஆள் உண்டா என்று பார்த்தல். உண்டெனில் எடுத்த இடத்திலேயே விடுதல். வெறுமையாயினும் ஒன்றிரண்டுக்கு மேல் எடாமை. வாசலில் நின்று உள்ளே ஆள் உண்டா என்று கேட்டபின் நுழைவது நம் வீட்டுப் பண்பு. அப்பண்பை ஊரிக்கும் நண்டுக்கும் காட்டப் பழகிய பிள்ளை, மனிதர் வாசலிலும் அதை மறவாது.