நீர்வாசல் மாளிகைகள்

வெளியூரில் பிழைப்பவர்க்குச் சொந்த ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடப்பது புதிதன்று. கும்பகோணத்தை அடுத்த எங்கள் பூர்வீக வீடும் அவ்வாறே கிடந்தது. அதனைப் பயணியர் விடுதியாக்க ஒருவர் நல்ல குத்தகை தருவதாகக் கேட்டிருந்தார். அண்ணாவின் கடிதத்திற்கு மறுமொழி எழுதாமலே, 2023 அக்டோபரில், மிலானில் பணியாற்றும் மைத்துனரின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாவிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்டோம். அங்கிருந்து இரண்டு நாள் வெனிஸைக் காணச் சென்றோம்.

வெனிஸின் உள்ளே வண்டி கிடையாது. காய்கறி, கடிதம், விடுதிகளின் அழுக்குத் துணி மூட்டை, இறந்தவர் உடல் எல்லாம் படகில்தான் போகின்றன. சேற்றில் அடித்த மரக்கழிகளின் மேல் மாளிகைகள் நிற்கின்றன. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரம் எளிதில் மக்குவதில்லையாம். பழைய வணிகர் மாளிகைகளுக்கு இரண்டு வாசல்கள்: ஒன்று தெருவை நோக்கி, மற்றொன்று நீரை நோக்கி. கீழே பண்டசாலை, மேல்தளத்தில் குடும்பம். மிளகு மூட்டைகள் இறங்கிய அத்தகைய நீர்வாசல்களில் இன்று பயணிகளின் பெட்டிகள் இறங்குகின்றன.

அவற்றுள் புகழ்பெற்றது டானியேலி விடுதி. 14ஆம் நூற்றாண்டில் டாண்டோலோ குடும்பத்தார் கட்டிய மாளிகை அது. 1822இல் தால் நியேல் என்பவர் அதில் விடுதி தொடங்கினார். அவர் பெயரே விடுதியின் பெயராயிற்று. டிக்கன்ஸ் தங்கிய இடம் என்று அறிந்து வாசலில் நின்று பார்த்தோம். அங்கே ஓர் இரவு தங்குவதற்கு அப்போது எங்கள் ஒரு மாதச் சம்பளம் வேண்டியிருந்தது. பெருங்கால்வாயின் கரையில், 1475இல் எழுந்து பின்னர் ஆந்திரேயா கிரிட்டி என்னும் ஆட்சித்தலைவர் வாழ்ந்த மாளிகையும் விடுதியே. ஜியுதெக்கா தீவில் ஸ்டக்கி என்பவரின் பிரம்மாண்டமான மாவு ஆலை 1955இல் மூடப்பட்டுப் பல்லாண்டு பாழடைந்து கிடந்தது. 2007இல் அதுவும் விடுதியாயிற்று. விடுதி வந்திராவிடில் அந்தச் செங்கற் சுவர்கள் இன்று நிற்குமா என்பது ஐயமே. இதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கைக்கு எட்டிய அறை பாலத்துக்கு அப்பால், மெஸ்த்ரே என்னும் நிலப்பகுதியில் கிடைத்தது. இரவுப் பேருந்தில் திரும்புகையில், எங்கள் அருகில் இருந்த இளைஞர் கைப்பேசியில் வங்காளம் பேசினார். இருபது ஆண்டுகளாய் எங்கள் நாவில் ஊறிய மொழியன்றோ! பேச்சுக் கொடுத்தோம். அவருக்குப் பங்களாதேசத்தின் ஷரியத்பூர். பத்மா நதி அரித்துக்கொண்டுபோன கரையில் அவர் வீடும் போயிற்று. இப்போது ஒரு பெரிய விடுதியில் படுக்கை விரிக்கும் வேலை. “தாதா, நாள் முழுதும் அங்கே படுக்கை விரிக்கிறேன், என் படுக்கை மெஸ்த்ரேயில். என் மேலாளர் வெனிஸிலேயே பிறந்தவர். அவரும் இந்தப் பேருந்தில்தான் வருகிறார்” என்றார்.

பகலில் ஒரு மருந்துக்கடைச் சாளரத்தில் கண்ட எண் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. பழைய நகரில் எஞ்சியுள்ள குடிமக்களின் தொகையை அங்கே 2008 முதல் காட்டி வருகிறார்கள். 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர். 2022இல் 50,000க்கும் கீழே. நாங்கள் சென்ற 2023இலோ, பயணிகளுக்கான படுக்கைகள் குடிமக்களின் எண்ணிக்கையையே மிஞ்சிவிட்டன. வெனிஸில் வீடுகளைத் தண்ணீர் கொண்டுபோகவில்லை. வாடகை ஏற ஏற, பலசரக்குக் கடை முகமூடிக் கடையாக மாற மாற, மக்கள் தாமாகவே பாலம் கடந்துவிட்டனர். கட்டடம் பிழைத்தது, தெரு பிழைக்கவில்லை.

அவர்களைக் குறைகூற எங்களுக்கு உரிமை ஏது? எங்கள் தெருவை வெறுமையாக்கியவர்களில் நாங்களும் இருக்கிறோமே. எந்த விடுதியும் வருவதற்கு முன்பே நாங்கள் பூட்டிவிட்டு வந்தோம்.

கல்கத்தா திரும்பியதும் இருவரும் கலந்து பேசி அண்ணாவுக்கு எழுதினோம். குத்தகைப் பணம் மகளின் கல்லூரிச் செலவுக்கு உதவியிருக்கும். வேண்டாம் என்று எழுதக் கை தயங்கத்தான் செய்தது. ஆயினும் எழுதினோம். இப்போது அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மனைவி மக்களோடு குறைந்த வாடகைக்குக் குடியிருக்கிறார். கூரையில் ஒழுக்கு உண்டு. பழுதுபார்க்க நாங்கள்தான் பணம் அனுப்புகிறோம். மாலையில் திண்ணை மாடத்தில் விளக்கு எரிகிறது என்று அண்ணா எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நாங்கள் இருவரும் மாறி மாறிப் படித்தோம்.