கனடாவுக்கு ஒரு பிரெஞ்சுப் பாடம்

ஹவுராவிலிருந்து பண்டேல் லோக்கலில் ஏறினால் சுமார் 35 கி.மீ. தூரத்தில் சந்தன்நகர். 1950 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். ஆற்றங்கரை நடைபாதையும் டூப்ளேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மாளிகையும் இன்றும் இருக்கின்றன. ஆனால் இன்று கொல்கத்தாவில் பிரெஞ்சு வகுப்புக்குப் பணம் கட்டும் பலருக்கு அந்த ஊர் ஒரு பொருட்டல்ல. அவர்கள் கண் கனடா மீது.

கணக்கு எளிது. கனடாவின் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் வயது, படிப்பு, அனுபவம், மொழி எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. 30 வயதானதும் வயதுக்கான புள்ளி தேய ஆரம்பிக்கிறது. பிரெஞ்சில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் 7ஆம் நிலையை எட்டினால், ஆங்கிலமும் ஓரளவு அறிந்தவருக்கு 50 புள்ளிகள் கூடுதல். 2023 முதல் பிரெஞ்சு அறிந்தவர்களுக்குத் தனிச் சுற்றே நடக்கிறது. 2024 பிப்ரவரியில் அப்படி ஒரு சுற்றில் 336 புள்ளி போதுமானதாக இருந்தது. அதே மாதம் பொதுச் சுற்றில் 530க்கு மேல் வேண்டியிருந்தது. முப்பதைத் தாண்டியவர்கள் இலக்கணப் புத்தகத்தைத் தூக்காமல் என்ன செய்வார்கள்?

இந்த ஊர் ஒரு காலத்தில் வேறு மாதிரியும் பிரெஞ்சு படித்தது. 21 வயதில், 1877இல் மறைந்த தோரு தத் பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் தந்தார். பிரெஞ்சிலேயே ஒரு நாவலும் எழுதினார். அவருக்கு யாரும் 50 புள்ளி போடவில்லை.

வகுப்பில் வங்காளிக்கும் தமிழருக்கும் தொல்லைகள் வேறு வேறு. பிரெஞ்சில் 'புவாஸோன்' என்றால் மீன். முதல் ஒலியைச் சற்று மாற்றி, 'பந்து' என்பதில் வரும் பகரம்போல் அதிரச் சொன்னால் பானம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். வங்காளியின் வாயில் வகரம் பகரமாகிவிடுவதால், மது கேட்டால் குளியல் கிடைக்கும் அபாயம். மூக்கொலியில் சந்திரபிந்து அவருக்குக் கை கொடுக்கிறது. நமக்கும் அது உண்டு: பேச்சில் 'மரம்' என்று சொல்லும்போது நாம் உதட்டை மூடுவதே இல்லை! மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றதும் மட்டும் இருவரும் ஒன்றாகத் திகைக்கிறார்கள். அஃறிணைக்கு ஏது ஆண், பெண்?

லேக் மார்க்கெட் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம். தாத்தா தட்டெழுத்து, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களோடு மதராஸ் மெயிலில் வந்து இறங்கியவர். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சேர்ந்து, இங்கேயே தங்கிவிட்டார். பேரன் மென்பொருள் பொறியாளர், வயது 33. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் இந்தி, ஆபீசில் ஆங்கிலம். தமிழ் எழுதத் தெரியாது. இப்போது ஐந்தாவதாகப் பிரெஞ்சு. ஒன்றரை ஆண்டாக விடியற்காலையில் படிக்கிறார்.

அவர் எழுதப்போவது 'டெஃப் கனடா'. அதில் பேச்சுத் தேர்வு 15 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் ஒரு விளம்பரத்தைப் பற்றி 'நீங்கள்' போட்டு விசாரிக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் தேர்வாளரே நண்பர். 'நீ' என்று பேசி ஒரு காரியத்துக்கு இணங்க வைக்க வேண்டும். அவர் சாக்குப் போக்கு சொல்லிக்கொண்டே இருப்பார். 'நீ, நீங்கள்' பேதம் தமிழருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விடாமல் வற்புறுத்துவதுதான் இவருக்கு வரவில்லை என்கிறார்.

சான்றிதழ் இரண்டே ஆண்டு செல்லும். அதற்குள் கனடா அழைக்காவிட்டால் மறுபடி கட்டணம், மறுபடி தேர்வு.

காலையில் அவர் உரக்கப் பயிற்சி செய்யும்போது அம்மா காபியோடு வந்து நிற்கிறார். "யார்கிட்டடா இப்படிக் கெஞ்சறே?"

"சும்மா, பாடம்மா."

கனடாவுக்கு உடன் வருவதைப் பற்றி அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.