பதினாறு கிலோ எண்ணெய்

சென்ற வாரம் எனது பேத்தி விஞ்ஞானப் பாடக் கொப்பியுடன் எனது மேசைக்கு வந்தாள். 200 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயின் திணிவு 184 கிராம் எனில் அதன் அடர்த்தி யாது என்பது கேள்வி. அவள் 200ஐ 184ஆல் வகுத்து 1.087 என்று எழுதியிருந்தாள். "அப்பப்பா, இது சரியோ?" என்று கேட்டாள். விடை பிழை என்று சொல்வதற்கு முன்னர் அந்த இரண்டு இலக்கங்களையும் சிறிது நேரம் பார்த்தபடி இருந்துவிட்டேன். அவை எனக்குப் புதியவை அல்ல. எழுபதுகளின் பிற்பகுதியில் ஒருநாள், இதே 200ஐயும் இதே 184ஐயும் வைத்து ஒரு நல்ல மனிதரை நான் கள்வனாக்கினேன்.

அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். இறாத்தலும் கலனும் மெல்ல விடைபெற, கிலோவும் லீற்றரும் கடைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். கிராமம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். தமது ஊர்க் கூட்டுறவுக் கடைக்கு வந்த எண்ணெய்ப் பீப்பாயின் சிட்டையில் 200 லீற்றர் என்று குறிக்கப்பட்டிருந்ததாகவும், சிலர் கூடிநின்று நிறுத்துப் பார்த்தபோது, வெற்றுப் பீப்பாயின் நிறையைக் கழித்தபின் 184 கிலோ மட்டுமே இருந்ததாகவும் அதில் கண்டிருந்தது. மீதி 16 கிலோ எங்கே என்பது அவரது கேள்வி.

கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஊழல் செய்திகள் பெரும்பாலும் வதந்தியாகவே எம்மிடம் வந்துசேரும். இதுவோ இலக்கங்களோடு வந்திருந்தது. முகாமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. '16 கிலோ எண்ணெய் எங்கே?' என்ற தலைப்பில் கட்டம் கட்டி முதற் பக்கத்தில் போட்டேன். ஊரின் பெயரும் கடையின் பெயரும் அதில் இருந்தன.

மூன்றாம் நாள் முற்பகல், வெள்ளை வேட்டி அணிந்த ஒரு மெலிந்த மனிதர் துணிப் பையுடன் அலுவலகத்துக்கு வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குரலை உயர்த்தவேயில்லை. "தம்பி, இதை எழுதினது நீங்களோ?" என்று கேட்டார். ஆமென்றேன். "ஒரு தராசு எடுக்கலாமோ?" என்றார். பத்திரிகை அலுவலகத்தில் தராசுக்கு எங்கே போவது? பக்கத்துப் பலசரக்குக் கடையிலிருந்து எமது அலுவலக உதவியாளர் ஒரு தட்டுத் தராசை இரவல் வாங்கி வந்தார்.

அவர் பையிலிருந்து ஒரே அளவான இரண்டு போத்தல்களை எடுத்தார். 750 மில்லிலீற்றர் கொள்ளும் வழக்கமான போத்தல்கள். ஒன்றில் தேங்காயெண்ணெய் இருந்தது, மற்றது வெறுமை. வெறும் போத்தலில் எண்ணெய் நின்ற மட்டத்துக்கே தண்ணீரை நிரப்பி, இரண்டையும் இரு தட்டுகளிலும் வைத்தார். தண்ணீர்த் தட்டு சட்டென்று கீழே இறங்கியது. எண்ணெய்த் தட்டில் 50 கிராம் படியையும் 10 கிராம் படியையும் சேர்த்து வைத்த பின்னரே தராசு நேராக நின்றது.

"போத்தலும் ஒண்டு, மட்டமும் ஒண்டு. இந்த அறுபது கிராமை ஆர் தம்பி களவெடுத்தது?"

நான் பதில் சொல்லவில்லை. மனதுக்குள் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 750க்கு 60. 200க்கு 16. இரண்டும் நூற்றுக்கு எட்டு. பீப்பாயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

ஒரு பொருளின் திணிவை அதன் கனவளவால் வகுத்தால் வருவது அடர்த்தி. (தமிழகப் பாடநூல்களில் நாம் திணிவு என்பதை நிறை என்பர், நாம் நிறை என்பதை எடை என்பர். அங்குள்ள வாசகர்கள் குழம்பாதிருக்க இதைச் சொல்லிவைக்கிறேன்.) தேங்காயெண்ணெய்க்கு அது லீற்றருக்கு ஏறக்குறைய 0.92 கிலோகிராம். ஆகவே 200 லீற்றர் எண்ணெய் 184 கிலோ இருப்பதே முறை. 200 கிலோ இருந்திருந்தால்தான் அதில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ என்ற எண்ணம் எனக்கும் கடிதக்காரருக்கும் எங்கிருந்து வந்தது என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன். அது தண்ணீரின் கணக்கு. 1795இல் பிரான்ஸில் கிராமை வரையறுத்தவர்கள், ஒரு கன சென்ரிமீற்றர் நீரின் திணிவையே அதற்கு அளவாக வைத்தார்கள். அதனால் நீருக்கு மட்டும் இரண்டு இலக்கங்களும் ஒத்துப்போகின்றன. வேறெந்தத் திரவத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. எனக்கு வெட்கம் தந்தது இந்த வரலாறு தெரியாததல்ல. எமது வீட்டுச் சாமியறையில் அம்மா கண்ணாடி விளக்கில் முதலில் தண்ணீரையும் அதன்மேல் எண்ணெயையும் ஊற்றுவார். எண்ணெய் மேலேயே நிற்கும். தண்ணீரிலும் பார்க்க எண்ணெய் இலேசானது என்பதைச் சிறு வயது முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்து வளர்ந்தவன், பேனையைப் பிடித்தபோது அதை மறந்துவிட்டேன்.

இந்தப் பிழையை என்னிலும் பார்க்கப் படித்தவர்களும் செய்திருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே வாசித்தறிந்தேன். 1983 ஜூலை 23ஆம் திகதி. எங்களுக்கு அந்தத் திகதி வேறொன்றைச் சொல்லும். அன்றிரவுதான் திருநெல்வேலித் தாக்குதல் நிகழ்ந்தது. அடுத்து வந்த நாட்களில் கொழும்பில் பட்ட அவதிக்குள், கனடாவில் ஒரு விமானம் இறங்கிய செய்தியைப் படிக்கும் நிலையில் நானோ என் சகபாடிகளோ இருக்கவில்லை.

எயார் கனடாவின் அந்தப் புதிய போயிங் 767, மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. எரிபொருள் மானி பழுது. ஆகவே தாங்கிகளில் கோல்விட்டு அளந்தார்கள்: 7,682 லீற்றர். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோவாக்க அடர்த்தி தேவை. அவர்கள் கையிலிருந்த இலக்கம் 1.77. அது ஒரு லீற்றர் எரிபொருள் எத்தனை இறாத்தல் என்பதைக் குறிப்பது. கிலோகிராமில் அது 0.8 அளவில் இருந்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பழைய விமானங்களெல்லாம் இறாத்தலில் கணக்கிடப்பட்டவை. கிலோவுக்கு மாறிய முதலாவது வகை இதுதான். 1.77ஆல் பெருக்கி, ஏற்கனவே 13,597 கிலோ இருப்பதாக எண்ணி, மேலும் 4,916 லீற்றரை மட்டும் ஊற்றினார்கள். ஊற்றியிருக்க வேண்டியதோ 20,000 லீற்றருக்கும் சற்று அதிகம். ஒட்டாவாவில் மீண்டும் அளந்தபோதும் அதே இலக்கத்தாலேயே பெருக்கினார்கள். வேண்டிய எரிபொருளில் பாதிக்கும் குறைவாகவே கொண்டு சென்ற விமானத்தின் இரண்டு இயந்திரங்களும் 41,000 அடி உயரத்துப் பயணத்தின் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின.

விமானத்தில் 69 பேர். விமானி றொபேர்ட் பியர்சன் இயந்திரமற்ற மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். ஜிம்லி என்ற இடத்தில், கார்ப் பந்தயத் திடலாகிவிட்ட பழைய விமானத்தளம் ஒன்றில் அதை இறக்கினார். ஒருவரும் இறக்கவில்லை. அவரது திறமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அது தகும். எனது மனம் மட்டும் அந்த 1.77இலேயே நின்றது. விமான எரிபொருள் என்பது ஒருவகை மண்ணெண்ணெய். அதன் ஒரு லீற்றர் 1.77 கிலோ என்றால் அது தண்ணீரிலும் கனமானது, தண்ணீரில் தாழ வேண்டும். மழை நாளில் அரிக்கன் லாம்பு கொட்டுப்பட்ட முற்றத்தைக் கண்ட எவருக்கும் மண்ணெண்ணெய் மிதக்கும் என்பது தெரியும். எத்தனையோ பேரின் கைகளைக் கடந்து சென்ற அந்த இலக்கத்தை, நீ இறாத்தலா கிலோவா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் 16ஐக் கேட்கவில்லையே.

பேத்தியின் 1.087க்கு வருவோம். பிழை என்று நான் சொல்லவில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து வரச்செய்து, அதில் ஒரு கரண்டி எண்ணெயை விடச் சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்தவள், "அப்ப ஒண்டிலும் குறைய வரவேணும்" என்று தானே அழித்துவிட்டு, 184ஐ 200ஆல் வகுத்து 0.92 என்று எழுதினாள். கிராமும் மில்லிலீற்றரும் எங்கே என்று கேட்டேன். அலுத்துக்கொண்டு அதையும் எழுதினாள்.

அந்த முகாமையாளருக்கு நான் செய்த பரிகாரம் சிறிது. 'திருத்தம்' என்று தலைப்பிட்டு ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஆறு வரி பிரசுரித்தோம். முதற் பக்கத்திலேயே போட வேண்டும் என்று நான் வாதாடியிருக்கலாம்; வாதாடவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி கேட்டேன். "கடை பூட்டிக் கிடக்குது தம்பி" என்று சொல்லிப் போத்தல்களைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் வேறொரு விடயமாக அந்த ஊருக்குப் போக நேர்ந்தது. அவரைக் கண்டு பேச வேண்டும் என்று எண்ணி, சந்தியில் நின்ற ஒரு பையனிடம் கூட்டுறவுக் கடை முகாமையாளரின் வீடு எது என்று விசாரித்தேன்.

"ஆர், பதினாறு கிலோவோ?" என்று கேட்டுவிட்டு, அவன் ஒழுங்கையைக் காட்டினான்.