கூடாரத்தின் கூலி

உப்புவெளிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகள் வந்து குவியும் காலம் அது. விடுதியொன்றின் பின்வளவில் ஐரோப்பிய இளைஞன் ஒருவன் மதிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். காலையில் நான்கு மணித்தியாலம் வேலை. அதற்குப் பதிலாகத் தென்னைகளுக்கிடையே கூடாரம் அடிக்க இடம், இரண்டு வேளைச் சோறு. கையில் ஒரு சதமும் கிடையாது. தான் ஒரு தொண்டன் என்று அவன் பெருமிதத்தோடு கூறினான். அவனை வெறுக்க என்னால் இயலவில்லை. இளமையில் நானும் ஒரு வாசிகசாலையைக் கூட்டிப் பெருக்கி, அதன் விறாந்தையில் உறங்கியவன்தான். ஆனால் அந்த வாசிகசாலையில் இலாபம் எடுப்பார் எவருமில்லை. என்னால் எவருடைய பிழைப்பும் போகவுமில்லை.

சென்ற ஆண்டு அதே மதிலுக்கு வெள்ளையடித்தவன் என்னிடம் படித்த மாணவன்.

இடமும் சோறும் கூலியா, தொண்டுக்கு ஈடான அன்பளிப்பா? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அமெரிக்காவில் முகாம் நிலங்களைப் பராமரிப்போருக்கு இலவசமாக இடம் அளிப்பது பெருவழக்கு. அங்குள்ள வரிச்சட்டம் மூன்று கேள்விகள் கேட்கிறது: தங்குமிடம் தொழில் நடக்கும் வளவிலேயே உள்ளதா? முதலாளியின் வசதிக்காகத் தரப்பட்டதா? அங்கே தங்குவது வேலையின் நிபந்தனையா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வரி இல்லை. ஒன்று தவறினாலும் அவ்விடத்தின் பெறுமதி சம்பளமாகிவிடும். நமது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டமும் பணமாக வருவதை மட்டுமன்றி, தொழிலின் பொருட்டுக் கிடைக்கும் நன்மைகளையும் வருமானமென்றே கொள்கிறது. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமோ முதலாளி அளிக்கும் உணவின் பெறுமதியையும் உழைப்பூதியத்தில் சேர்த்தது. அந்த வரியை எழுதியவர் தொழிலாளியின் சோற்றுக் கோப்பையை நேரில் கண்டவராகத்தான் இருக்கவேண்டும்.

கூடாரத்துக்கு வரி விதித்தால் திறைசேரி நிரம்பிவிடாது. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்குப் பதினெட்டு இலட்சம் ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. என் மாணவனின் கூலி அதன் நிழலைக்கூடத் தொடாது. எனினும் கூலி என்று ஏட்டில் ஏறினால் முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் சேமலாப நிதிக்குக் கட்டவேண்டும். தொண்டு என்றால் அதுவும் இல்லை. சுற்றுலா விசாவில் வருபவர் சம்பளம் பெற்றோ பெறாமலோ வேலை செய்யலாகாது என்பதும் விடுதிக்காரர் அறியாததன்று.

இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1848இன் வீதிச் சட்டம் ஆண்களை ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழைக்கச் சொன்னது. மறுப்பவர் மூன்று சிலிங் கட்டவேண்டும். கொடிய சட்டந்தான், அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒரு நாள் உழைப்புக்கு ஆறு பென்ஸ் என்றாவது பேரரசு விலை வைத்திருந்தது!

என் மாணவன் மறுபடியும் அந்த விடுதிக்கு வேலை கேட்டுப் போனானாம்.

"நீயும் தொண்டனாய் வா, தங்க இடம் தாறன் எண்டு சொல்லுறார், சேர்."

"நீ என்ன சொன்னாய்?"

"எனக்கு வீடு இருக்கு, அரிசிதான் இல்லை எண்டனான்."