கொல்லிமலை மிளகுக்குச் சொந்த இணையக் கடை தேவையா?

நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள், நிழலில் காபி, சரிவுகளில் வாழை, பலா, அன்னாசி, இடையிடையே சாமை, தினை, ராகி. சோளக்காடு சந்தையில் பழமும் மிளகும் கைமாறுகின்றன.

விளைச்சல் இருக்கிறது, விலைதான் விவசாயி கையில் இல்லை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் வருகிறவர்கள் கால் கிலோ, அரை கிலோ என மிளகு வாங்கிப் போகிறார்கள். தீர்ந்ததும், “அனுப்ப முடியுமா?” என்று போனில் கேட்பவர்களும் உண்டு. இப்படி நாலு பேர் கேட்டதும், “நாமே ஓர் இணையதளம் கட்டினால் என்ன?” என்ற எண்ணம் விவசாயிகளுக்கு வருவது இயல்பு.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல் போட்டு, யு.பி.ஐ.யில் பணம் வாங்குவது. செயலிக்குக் கட்டணம் இல்லை. இரண்டாவது, மாத வாடகைக்குக் கிடைக்கும் தயார்நிலைக் கடை. மூன்றாவது, ஆள் வைத்து அடியில் இருந்து தளம் கட்டுவது. இதில் கட்டும் செலவோடு முடியாது. பெயருக்கும் சர்வருக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். பழுது வந்தால், கட்டியவரையே தேட வேண்டும். ஒரு ஏக்கர் உழ யாரும் டிராக்டர் வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் ஓட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தளத்துக்கு 1,00,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட், கூரியர் செலவு போக, சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதலாக நின்றால், 1,000 கிலோ விற்ற பிறகே போட்ட பணம் திரும்பும். அதற்குச் சுமார் 3,000 கிலோ பச்சை மிளகு பறித்துக் காய வைக்க வேண்டும். கால் கிலோ பாக்கெட்டாக அனுப்பினால் 4,000 பார்சல். மாதம் 30 பார்சல் போகிற குழுவுக்கு இது 11 ஆண்டு வேலை!

எல்லா விளைபொருளும் கூரியருக்கு ஏற்றதல்ல. வாழையும் பலாவும் எடை அதிகம், வழியிலேயே கனிந்துவிடும். மிளகு, காபித்தூள், சாமை அரிசி தாங்கும். மிளகில் ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்குமேல் இருந்தால், பாக்கெட்டுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வாங்கியவர் அடுத்த முறை கேட்கமாட்டார். எவ்வளவு நல்ல தளமும் அதைச் சரிசெய்யாது. பாக்கெட் போட்டு விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் அவசியம், சிறு உற்பத்தியாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

எனவே, முதல் மிளகுப் பருவத்தை வாட்ஸ்அப்பிலேயே ஓட்டலாம். எத்தனை பார்சல், கூரியர் செலவு எவ்வளவு, திரும்பக் கேட்டவர் எத்தனை பேர் என்று நோட்டில் எழுதி வர வேண்டும். கையால் எழுதி மாளாத அளவுக்கு ஆர்டர் வந்தால் வாடகைக் கடை. அதுவும் போதாமல், ஒவ்வொரு விவசாயியின் சரக்கையும் தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய நிலை வந்தால் சொந்தத் தளம் பற்றி யோசிக்கலாம். எந்த வழியானாலும் கடைப் பெயர், கடவுச்சொல், வாடிக்கையாளர் பட்டியல் மூன்றும் குழுவின் பெயரிலேயே இருக்கட்டும்.